கார்க் கதவும் ‘எத்து’ என்ற சொல்லும்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். அன்று எனக்கு இடப்பட்ட கட்டளையை நான் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். கேடு விளைந்ததும் அதனால்தான்.

திருப்பதிக்கும் புத்தூருக்கும் நடுவே, வடமாலபேட்டையில் எங்கள் வீடு. தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். எலும்பு முறிந்தவர்களைத் திருப்பதியிலிருந்து புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துச் செல்வதே அவருடைய பெரும்பாலான சவாரி. காலை நீட்டியபடி ஏறுகிறவருக்குப் பின்கதவு முழுதாகத் திறந்து நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் கீலின் ஆணி தேய்ந்து கதவு தொங்கியது. அதைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது. முந்தைய வாரம் ஒருவரின் கட்டுப் போட்ட காலிலேயே கதவு வந்து மோதியது. அன்று கதவைச் சரிசெய்ய உட்கார்ந்தோம்; மறுநாள் காலை அவரை மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும். அதே காலையில் திருப்பதியில் எனக்குப் பேச்சுப் போட்டி.

மேடைத் தமிழில் பயின்றவன் நான். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் வீட்டில், தெலுங்கு கலந்து பேசினால் பதில் சொல்வதில்லை என்று விதி வைத்திருந்தேன். தந்தை அதைப் பொருட்படுத்தியதில்லை.

கதவின் அடியில் ஜாக்கி, அதன்மேல் மரக்கட்டை. ஸ்பிரிங்கை மாற்றினோம். மேல்கீலின் பழைய ஆணியைத் தட்டி எடுத்துப் துளைக்குள் புஷ் எனும் புதிய பித்தளை வளையங்களைப் பொருத்தினோம். துளைகள் நேராவதற்குக் கதவு இன்னும் ஒரு நூல் உயர வேண்டியிருந்தது. விரலால் துளையைத் தடவியபடி தந்தை சொன்னார்: “கொஞ்சம் எத்து.”

தெலுங்கில் அதற்குத் தூக்கு என்று பொருள். எங்கள் பக்கத் தமிழில் உதை. இரண்டும் எனக்குத் தெரியும். என் விதிப்படி தமிழ்ப் பொருளையே எடுத்துக்கொண்டு மரக்கட்டையை உதைத்தேன்.

கதவு இறங்கி, அவருடைய ஆள்காட்டி விரலைக் கீலுக்குள் கவ்வியது. நான் கதவைத் தூக்கிய பிறகே விரல் வெளியே வந்தது.

“இன்னாடா பண்ண?”

“நீதான எத்துன்ன, நைனா.”

“ஆமா. உன்னாண்ட போய் சொன்னேன் பாரு.”

கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, அவரை உட்காரவைத்துப் புத்தூருக்கு, உரிமம் வைத்திருந்த நானே ஓட்டினேன். எப்படி அடிபட்டது என்று கேட்டார் கட்டுப் போடுபவர்.

“பையன் சுத்தத் தமிழ்ல எத்திட்டான்” என்றார் தந்தை.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எந்த மேடையிலும் எனக்கு அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை. மூன்று வாரம் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாலையில் மீதி வேலையைத் தொடர்ந்தோம். ஒரு கையில் ஆணியும் மறு கையில் ஜாக்கியின் கம்பியுமாக நான் குந்தியிருக்க, தந்தை குனிந்து துளையைப் பார்த்தார்.

“கதவ உயர்த்துங்க, புலவரே.”

உயர்த்தினேன். ஆணி இறங்கியது. கதவை முழுதாகத் திறந்து கையை எடுத்தேன். அது அசையாமல் நின்றது.

“நாளைக்கு அவருக்கு வேற வண்டி சொல்லிடறேன்” என்றார். “நீ உன் போட்டிக்குப் போ.”

தெருவில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்: “வேணாம் நைனா. உன் கட்டு பிரிக்கற வரைக்கும் வண்டிய நான் ஓட்டறேன். நீ பக்கத்துல குந்திக்கினு எந்த பாஷையில சொன்னாலும் கேக்கறேன்.”