ஐந்து நிமிடம் அசையாமல்

ஐம்பது வயதில் ரத்த அழுத்தம் பற்றி ஆராய்ச்சிப் பட்டம் படித்தால், முதலில் நமக்குத்தான் அழுத்தம் ஏறும். மெஷினோடு அறந்தாங்கியில் வீடு வீடாக அலைந்தபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியானவர். கை முக்காட்டை இழுத்துவிட்டபடியே இருக்கும். ஐந்து நிமிடம் பேசாமல், அசையாமல் உட்கார்ந்தால்தான் அளவெடுக்க முடியும். அவரோ அடுப்பைப் பார்க்க, ஆட்டை விரட்ட என்று எழுந்துகொண்டே இருந்தார்.

"இன்னொருக்கா எந்திரிச்சா என் படிப்பு போச்சும்மா."

"இந்த வயசுலயும் பரீட்சையா தம்பி? பாவம்!" என்று உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போன் அடித்தது. துபாயிலிருக்கும் மகன் வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவான் என்று சற்றுமுன் சொல்லியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

"எடுங்கம்மா!" என்று பதறினேன். உதட்டில் விரலை வைத்து என்னையே அடக்கினார். மணி ஓய்ந்தது. மெஷினில் எண் எங்கேயோ ஏறிப் போயிருந்தது, ஆராய்ச்சிக்கு உதவாது.

"பாஸாயிட்டீங்களா தம்பி?"

"பாஸும்மா."

அந்தப் போன் மறுபடி அடித்ததா என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.