பூக்கட்டிக் கேட்ட கேள்வி

நாலு வருஷமாக என் வலது கன்னத்தை யாரும் தொட்டதில்லை. நானே தொட்டதில்லை. முகம் கழுவுவது இடது பக்கம் மட்டும். பல் விளக்கினால், சோற்றை மென்றால், சில நாட்களில் சும்மா காற்று பட்டாலே போதும், காதுக்கு முன்னாலிருந்து தாடை வரை கரண்ட் பிடித்த மாதிரி வலி வெட்டிப் போகும். சில விநாடிதான். ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பதே என் பிழைப்பாகிப் போனது. பல்வலி என்று நினைத்து, பிடிவாதமாக இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கச் சொன்னேன். பற்கள் போயின, வலி போகவில்லை. அம்மன் அடியார்களே, அந்த நாட்களில் செத்துப் போனால் தேவலை என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை என்னிடம்தான் விட்டுப் போவார்கள். எனக்கு எந்தப் பக்கம் வலி என்று கைப்பிள்ளைக்குத் தெரியுமா? தூக்கினால் முதலில் கன்னத்தைத்தான் பிடிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது உதட்டைப் பிதுக்கி அழும். அதைப் பார்த்து நானும் அழுவேன்.

பதுளையில் கிளினிக்குக்குப் போனபோது இது முகத்து நரம்பில் வருகிற வலி என்று சொல்லி மாத்திரை தந்தார்கள். மாத்திரை வேலை செய்தது. வலி ஓரடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் நானும் என்னைவிட்டு ஓரடி தள்ளிப் போய்விட்டேன். பகல் முழுக்கப் பனிமூட்டத்துக்குள் நடப்பது போலவே இருக்கும். சேலைத் தொட்டில்கள் ஆடுவது தெரியும், ஆட்டுவது என் கைதானா என்று தெரியாது. ஸ்பிரிங்வெளி ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தால், அது எனக்குள்ளேயே எங்கோ தூரத்தில் கேட்கும். ஒரு நாள் காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எப்போதோ செத்துப்போன என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவுவதாக நினைத்து, "போதும்மா, நெறைய துருவிட்ட" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். எனக்கு அது இதமாகத்தான் இருந்தது.

தை பிறந்த பிறகு போனபோது டொக்டர் மாத்திரை மட்டுமே வழியில்லை என்றார். அவர் சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசுவார். மாத்திரையைக் கூட்டலாம், மயக்கமும் கூடும். ஊசி போட்டு நரம்பை மரக்க வைக்கலாம், கன்னமும் மரத்துப் போகும், வலி சில காலத்தில் திரும்பியும் வரலாம். இல்லையென்றால் கொழும்புக்குப் போய் காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து, நரம்பில் உரசிக்கொண்டிருக்கிற இரத்தக் குழாயை விலக்கிவிடுகிற ஒப்பரேஷன்.

"எதுக்கும் முழுசா உத்தரவாதம் சொல்ல ஏலாது, அம்மா. நீங்கதான் யோசிச்சு சொல்லணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. படித்தவர் அவர், முடிவு நான் சொல்லவா? வீட்டுக்கு வந்தால் எங்கள் லயத்து வீடுகளில் ஆளாளுக்கு டொக்டர். மண்டையைத் திறந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றாள் ஒருத்தி. எண்ணெய் காய்ச்சித் தருகிறேன் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் என் வீட்டுக்காரர், "ஆத்தாகிட்டயே கேட்டுருவோம், சரசு" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் மாத்திரையோடு இருந்துவிடுவது, சிவப்பு வந்தால் ஒப்பரேஷன் என்று வேண்டிக்கொண்டோம். பிள்ளைக்காம்பராவில் என்னிடம் பிள்ளையை விடுகிற செல்வியின் மகள், மூன்று வயது திவ்யா, ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. பூசாரி ஐயா குங்குமம் தந்து, "ஆத்தா உத்தரவு, மண்டையில கத்தி படக்கூடாது" என்றார். அன்று கோயிலில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

தெரியாததை இப்போது சொல்கிறேன். பொட்டலம் கட்டியது நான். கோயிலுக்குப் பின்னால் நின்று முதல் பொட்டலத்தில் வெள்ளை அரளி வைத்தேன். இரண்டாவதிலும் வெள்ளை அரளியே வைத்தேன். சிவப்பை மடியில் செருகிக்கொண்டேன். பிள்ளை எடுக்காமல் விட்ட பொட்டலத்தை நானே தூக்கிப்போய் ஓடையில் போட்டேன். எனக்கு ஒப்பரேஷன் என்றால் அவ்வளவு பயம். பெற்ற தாயை ஏமாற்றலாம், ஈரேழு உலகமும் பார்க்கிறவளை ஏமாற்றப் போனேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல.

மாத்திரையைக் கூட்டினார்கள். பனிமூட்டமும் கூடியது. மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. நான் விழித்துத்தான் இருந்தேன் என்று சத்தியம் செய்வேன். கண்ணுக்கு முன்னால் தொட்டில்கள் ஆடின, வெள்ளை வெள்ளையாய், ஏதோ தண்ணீரில் மிதப்பதுபோல. யாரோ என் தோளைத் தொட்டார்கள். செல்வி நின்றாள், இடுப்பில் திவ்யா. பிள்ளையின் காலெல்லாம் சேறு. கதவைத் திறந்துகொண்டு, தண்ணீர் ஓடுகிற பெரிய கான் ஓரம் வரை போயிருக்கிறாள். கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தாய் கண்டு தூக்கியிருக்கிறாள்.

"தூங்கிட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று வேலை முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்றேன். மந்திரம் எதுவும் வரவில்லை. "ஆத்தா, ஒன்னைய ஏமாத்திட்டேன். எனக்குப் பயமா இருக்கு. வலிய எடுன்னு கூட கேக்கல. இந்தப் பயத்தத் தாண்டி வந்த ஒருத்திய மட்டும் எனக்குக் காட்டு" என்றேன். மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. மூட்டம் வந்து கோயிலை மூடியது. நான் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ கட்டினத பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் புள்ள. எனக்கும் அதே பயந்தான்" என்றார். இரண்டு பேரும் அழுதோம். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நாங்கள் சேர்ந்து அழுததில்லை.

அடுத்த கிளினிக்கில், காத்திருக்கிற நீள வாங்கில் என் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்தாள். கொஸ்லந்தைப் பக்கம். அவளுடைய தவணை நாள் முந்தின வாரம். மண் சரிந்து ரோடு அடைபட்டதால் அன்று வந்திருந்தாள். நான் கன்னத்தைச் சேலையால் மறைத்திருப்பதைப் பார்த்தவள், எதையும் கேட்காமல் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினாள்.

"வலி போயிருச்சாக்கா?"

"போயிருச்சும்மா. ஆனா பொய் சொல்ல மாட்டேன், இந்தக் காது மந்தமாப் போச்சு. மழை பெஞ்சா எனக்கு ஒரு பக்கந்தான் பெய்யும்." சிரித்தாள். "இருந்தாலும் முகத்த நனைச்சுக்கிட்டு நிக்கிறேன்ல."

என் விரலைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் வைத்தாள். வழவழப்பாக, கதகதப்பாக இருந்தது. டொக்டர் மூன்று வழியையும் எனக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆனால் பயந்தவளின் காதுக்குப் பயந்தவள் சொல்வதுதான் ஏறுகிறது. உள்ளே போய், "கொழும்புக்கு எழுதுங்க டொக்டர்" என்றேன்.

கொழும்பில் என்னைத் தள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. பிறகு ஒரு தேயிலை மலை, அதில் ஆளே இல்லை, எல்லாச் செடியும் மெதுவாக மூச்சு விடுகிறது. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கண் திறந்தேன். ஒரு நேர்ஸ் ஈரப் பஞ்சால் என் வலது கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலி வரும் என்று காத்திருந்தேன். அவள் துடைத்து முடித்துவிட்டுப் போய்விட்டாள். வலி வரவில்லை.

முழுசாகக் குணம் என்று சொல்லமாட்டேன். குளிர்காற்று வீசும் நாட்களில் ஒரு சுருக் வரும். சின்ன மாத்திரை ஒன்று இன்னும் இருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு விரல் அகலம் மரத்திருக்கிறது. ஆனால் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். செல்வி திவ்யாவை மறுபடி என்னிடம்தான் விட்டுப் போகிறாள். அதற்கு நான் அம்மனுக்கு எப்படி நன்றி சொல்வேன், எனக்குத் தெரியவில்லை.

பூசாரி ஐயா, என்னை மன்னிக்க வேண்டும். ஆத்தா உத்தரவை மீறிப் போனவள் என்று என்னைப் பேசினவர்களும் தெரிந்துகொள்ளட்டும், அன்று அவள் உத்தரவே தரவில்லை. தந்தது பிறகு, ஆஸ்பத்திரி வாங்கில். வலியோடு இருக்கிற என் சகோதரிகளே, எல்லோரும் ஒப்பரேஷனுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் வழி வேறாக இருக்கலாம். ஆத்தாவிடம் போங்கள். பயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டரிடமும் சொல்லுங்கள். அவள் கைவிட மாட்டாள்.

எழுதி முடித்து என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் பேர எங்க காணோம்? பாத்தும் பேசாம இருந்தவன் நான், எனக்கும் அதுல பங்கிருக்குல்ல" என்றார். நியாயம்தான். அவர் பெயர் சிவலிங்கம்.