யாருடைய டப்பா?

மலம் பரிசோதிக்கிறவன் என்று தெரிந்தால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். லேப்பில் காலம் தள்ளிய உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரியவேண்டும்? எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டியிருந்த சின்ன லேப்பில் நான் டெக்னீஷியன்.

நல்லதும் கெட்டதும்

மாங்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள், ரிப்போர்ட்டில் கிருமி என்ற வார்த்தையைப் பார்த்துக் கலங்கிவிட்டார். எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கிறது, பெரும்பாலும் நல்லதுதான், ஏதோ சிலது கெட்டது என்று சமாதானம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எது நல்லது, எது கெட்டதுன்னு அதுங்க நெத்தியில எய்தி ஒட்டிகினா கீது?"

சூடு

கள்ளிக்குப்பம் ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் தொழிலாளி. விடாத ஜுரம். அவருடைய ரத்தத்தைக் கல்ச்சர் வைத்தேன்; சங்கிலி சங்கிலியாக ஒரு கிருமி வளர்ந்தது. நகரத்துப் பெரிய லேப்புக்கு அனுப்பிக் கேட்டதில், அது குடலில் குடியிருக்கிற கிருமி என்று பதில் வந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. "இது ரத்தத்துக்கு வந்த சில பேருக்குக் குடல்ல புத்து இருந்திருக்கு. பின்வழியா குழாய் விட்டுப் பார்த்துடணும்" என்றார்.

ஊசியில் ஜுரம் இறங்கியதும் ஏழுமலை குழாய்க்கு மசியவில்லை. வயிற்றில் என்ன தொந்தரவு என்று கேட்டால் சூடு என்பார். எங்கள் பக்கத்தில் கண் எரிச்சல் முதல் ரத்தப்போக்கு வரை எல்லாமே சூடுதான்.

"எளநி குட்ச்சா சரியாப் பூடும். ஜொரத்துக்கு வந்தவன அங்க எதுக்கு சார் பாக்கணும்?"

மூன்று நாள் டெஸ்ட்

கடைசியில் டாக்டர் இறங்கி வந்து, மூன்று நாள் மலமாவது கொடு, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா பார்ப்போம் என்றார். மூன்று நாளும் டப்பா வந்தது. மருந்து விட்டால் நிறமே மாறவில்லை. ரத்தம் இல்லை என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஏழு மாதம் கழித்து ஏழுமலை வந்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, புற்று ஈரல்வரை போய்விட்டது என்று அப்படியே மூடிவிட்டார்களாம். என் டெஸ்ட்தான் இந்த மனுஷனைக் கொன்றது என்று நினைத்து அழுதேவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாத சார், நீ கரீட்டாத்தான் பாத்தே. மூணும் என் மச்சானோடது. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிகினு இருந்தேன். அப்பனுக்குப் புத்துன்னா மாப்ள ஊட்டுக்காரன் உட்டுட்டுப் பூடுவான் இல்ல?"

பன்னிரண்டு வருஷம் அந்த லேப்பில் எதெதையோ கண்டுபிடித்துச் சொன்னேன்; டப்பா யாருடையது என்பதை மட்டும் அதன்மேல் ஒட்டிய சீட்டை நம்பித்தான் எழுதிக்கொடுத்தேன்.