அரசமரத்தடியில் நான் சொல்வது

சகோதரிகளே, எனக்கு முதல் இரண்டு குழந்தைகளும் உயிரில்லாமலே பிறந்தன. நாகதோஷம் என்றார்கள். மயிலாப்பூரில் நான் சுற்றாத அரசமரமில்லை. மூன்றாவதும் அப்படியே போனபின் லேடி டாக்டரிடம் போனேன். ரத்தத்தைச் சோதித்தவர், "மேகநோய்ம்மா, சிபிலிஸ். அதனாலதான் குழந்தைங்க உயிரோட பிறக்கலை. புருஷன்கிட்டேருந்து தொத்தினது. அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர் பத்திரிகையிலிருந்து தலை நிமிராமலே, "நான் எதுக்கு? எனக்குப் போன வருஷமே ஊசி போட்டுண்டு சரியாயிடுத்து" என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பொம்மனாட்டிகிட்ட சொல்ற விஷயமா இது?"

மூன்றாவது குழந்தை போனது இந்த வருஷம்.

இப்போது எனக்கும் ஊசி போடுகிறார்கள். அரசமரத்தைச் சுற்ற வரும் பெண்களிடமெல்லாம், "முதல்ல ரெண்டு பேரும் ரத்தம் சோதிச்சுக்கோங்கோ" என்கிறேன். அவர்கள் என்மேல் படாமல் ஒதுங்கி, மறுபடி சுற்றுகிறார்கள்.