கோப்பாயில் ஒன்பது உரிமங்களும் தொண்டைமானாற்றில் ஒரு குசினிச் சுவரும்

மழை விட்டு வெயில் இன்னும் ஏறாத மாசி மாதத்தில் யாழ்ப்பாணம் போய் வந்தேன். கோயிலுக்கும் அல்ல, கலியாணத்துக்கும் அல்ல. நிறுவனங்கள் காசு கட்டி வைத்திருக்கும் மென்பொருள் உரிமங்களில் எது உழைக்கிறது, எது சும்மா தூங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அடுத்தவர் அலுமாரியைத் துழாவும் வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள். பொய்யில்லை, எனக்கு அதில்தான் ருசி.

கோப்பாயில் வீட்டுப் படம் கீறும், அதாவது கட்டட வரைபடம் போடும், அலுவலகம் நடத்துபவர் கௌரி அக்கா. தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஒன்பது லைசன்ஸ் கிடக்கு தங்கச்சி. வெள்ளிக்கிழமை புதுப்பிக்க வேணும். குறைக்க ஏலாட்டி ஒரு பிள்ளையை வேலையால நிப்பாட்டத்தான் வேணும்.” அவரோடு சேர்த்து அங்கே நான்கு பேர்தான். நாலு பேருக்கு ஒன்பது எதற்கு? அன்றே ரயிலுக்குப் பதிந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை 5.45க்குக் கொழும்பு கோட்டையில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு 2,800 ரூபாய், ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது 12.20. ஓட்டோக்காரர் கோப்பாய்க்கு 900 கேட்டார். பேருந்து நிலையத்துக்கு நடந்து, பருத்தித்துறை போகும் பஸ்ஸில் 60 ரூபாயுடன் முடித்தேன். ஏழு கிலோமீற்றருக்கு முப்பத்தைந்து நிமிடம். வெங்காயத் தோட்டங்களை ஆற அமரப் பார்க்கலாம்.

அலுவலகம் ஓர் ஒழுங்கைக்குள், கிணற்றடி தாண்டி இருந்தது. தேத்தண்ணி வந்தது. கணினியைத் திறந்தேன். படம் கீறும் மென்பொருளில் ஓர் உரிமம் ஓர் ஆளின் பெயரில் இருக்கும். தலைக்கு ஆண்டுக் கட்டணம். நான்கு பெயர்கள் அலுவலகத்தார். மற்ற ஐந்தும் லண்டன், டொரன்டோ, பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி. ஐவரும் தொண்டைமானாற்றில் வீடு கட்டும் ஒரே குடும்பத்து அண்ணன் தங்கைமார்.

“படம் பாக்கிறதுக்கு உரிமம் வேண்டாமே அக்கா, ஓர் இணைப்பு அனுப்பினால் போதும்” என்றேன்.

“அனுப்பினனான். ‘பார்க்க மட்டும்’ எண்டு அதில எழுதிக் கிடந்திட்டுது. லண்டனில இருக்கிற மூத்தவருக்குக் கோவம் வந்திட்டுது. ‘காசு போடுறது நான், கை வைக்க எனக்கு உரிமை இல்லையோ’ எண்டார். அவருக்குக் குடுத்தால் மற்றவைக்குக் குடுக்காமல் விடேலுமோ? ஆரும் கை வைக்க மாட்டினம் எண்டுதான் நினைச்சன்.”

ஆக, முழு உரிமம் ஐந்து பேருக்கும் மரியாதையாகப் போயிருக்கிறது. கலியாணக் கார்ட் கொடுக்கும்போது ஒரு வீட்டை விட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். அந்த ஐந்துக்கும் போகும் ஆண்டுக் கட்டணம் படம் கீறும் ஒரு பெண்ணின் ஐந்து மாதச் சம்பளம்.

யாரை நிறுத்தப் போகிறார் என்பதும் முடிவாகியிருந்தது. சன்னல் பக்கக் கதிரையில் இருந்த துஷி. தொண்டைமானாறு வீட்டின் படம் அவளுடையது. குசினிச் சுவர், அதாவது சமையலறைச் சுவர், பிழையான மூலையில் எழும்பி, டொரன்டோ தங்கை வீடியோவில் பார்த்துச் சத்தம்போட்டு, இடித்திருக்கிறார்கள். “நான் அங்கை வைக்கேல்லை” என்று துஷி சொல்லியும், படத்தின் மூலையில் அவள் பெயர்தான் இருந்தது. இதைச் சொல்லும்போது கௌரி அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. துஷி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வியாழன் காலை 8.30க்கு ஓட்டோ பிடித்தேன். கோப்பாயிலிருந்து 17 கிலோமீற்றர், காத்திருப்புடன் போய்வர 4,500. சுவரைப் பார்த்து உரிமத்துக்கு என்ன ஆகப்போகிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“இடிச்ச சுவரைப் பாக்கவோ கொழும்பிலயிருந்து வந்தனீங்கள்?” என்றார் ஓட்டோக்காரர்.

“ஓம்” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வீடு எழும்பும் வளவில் மேசன் இருந்தார். உடைந்த கல் தென்மேற்கு மூலையில் குவிந்து கிடந்தது. புதுக் குசினி தென்கிழக்கில், சாத்திரம் சொல்லும் அக்கினி மூலையில், எழும்பிக்கொண்டிருந்தது. “படத்தில எப்பிடிக் கிடந்ததோ அப்பிடித்தான் கட்டினனான். ரெண்டு கிழமைக்கு முந்தி, திங்கட்கிழமை காலமை ஒஃபிஸில அடிச்சுத் தந்தவை” என்று கசங்கிய தாளை நீட்டினார். மூலையில் துஷியின் பெயர். அச்செடுத்த நேரம் திங்கள் 8.15.

வழியில் சன்னிதிக் கோயிலில் கும்பிட்டு, அங்குள்ள அன்னதான மடத்தில் மதியச் சாப்பாடு. இலவசம், 11.30க்கே போய் உட்காருங்கள்.

இரண்டு மணிக்கு அலுவலகத்தில் அந்தப் படத்தின் மாற்ற வரலாற்றைத் திறந்தேன். யார், எப்போது, எதைத் தொட்டார் என்று மென்பொருளே எழுதி வைத்திருக்கும். ஆரும் அதைப் பார்த்ததில்லை. கட்டத் தொடங்கும் முன்பே குசினி மூன்று தரம் ஊர்வலம் போயிருக்கிறது! துஷி வைத்தது தென்கிழக்கில். பாரிஸ் நகர்த்த, டொரன்டோ திருப்பி வைத்திருக்கிறது. கடைசியாகத் தென்மேற்குக்குத் தள்ளியது மேசனின் தாளை அச்செடுப்பதற்கு முதல் நாள், ஞாயிறு பிற்பகல் 2.40, லண்டன் பெயரில். ஞாயிறு அலுவலகம் பூட்டு.

கௌரி அக்கா அந்த வரியைத் திரும்ப வாசித்தார். “அவருக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?” என்றார். எனக்குச் சுறுக்கென்றது. துஷிக்குச் சொல்ல மட்டும் யோசிக்கவில்லையே! ஆனால் அவரே தொலைபேசியை எடுத்தார், ஒலிபெருக்கியில் போட்டார், துஷியைப் பக்கத்தில் இருத்தினார். நான் எதிர்பார்க்கவில்லை.

“ஓம், நான்தான் தள்ளினனான்” என்றார் லண்டன் அண்ணை, மகிழ்ச்சியாக. “யன்னலால ஆறு தெரியட்டும் எண்டு. எப்பிடி, வடிவா வந்திருக்கோ?”

“இடிச்சாச்சு அண்ணை. இந்தப் பிள்ளையில பழி போட்டிட்டன்.”

துஷிதான் பேசினாள்: “அண்ணை, ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் அஞ்சு பேரும் வீடியோவில வாங்கோ. நீங்கள் கதையுங்கோ, நான் கீறுறன். ஆறு தெரியிற மாதிரி யன்னல் வைச்சுத் தாறன்.”

“அது நல்லது பிள்ளை” என்றார் அவர். ‘பார்க்க மட்டும்’ என்று அவருக்கு ஆரும் சொல்லவில்லை. உரிமம் போனாலும் மரியாதை போகாத இந்த வழி என் இருபது வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றியதில்லை.

இதே வேலையாக வடக்கே போகிறவர்களுக்கு: புதுப்பிக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே போங்கள். பட்டியலைப் பார்த்ததும் பெயர்களை வெட்டாதீர்கள். ஒவ்வொரு பெயரும் ஏன் வந்தது என்று கேளுங்கள். மாற்ற வரலாற்றைத் திறக்க மறக்காதீர்கள். ஏற்கெனவே காசு கட்டி வாங்கிய வசதி அது. யாழ் நகரத்தில் அறை 5,500, காலைச் சாப்பாட்டுடன். திரும்பும் ரயிலை முன்கூட்டியே பதியுங்கள். நான் பதியாமல் பஸ்ஸில் இடுப்பொடிந்து வந்தேன்.

வெள்ளி காலை ஒன்பது உரிமம் நான்கானது. பெயர் நிரப்பும் பக்கத்தில் கௌரி அக்கா முதல் வரியில் துஷியின் பெயரை அடித்தார். பிறகு மற்ற இருவர். துஷி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்கடை பேர் கடைசியில கிடக்கு.”

“கிடக்கட்டும்” என்றார் கௌரி அக்கா.