ரேடியோ அக்கா வாயை மூடிய நாள்

வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதும், பெற்றவர்களுக்கு வளர்ப்பு சொல்லித் தருவதும்தான் அவருடைய வேலை. தோளில் ஒரு பெரிய பை. அதில் பந்து, துணிப் புத்தகம், மரக்கட்டைகள், எடை பார்க்கும் தராசு. பைக்கு முன்னால் குரல் வந்துவிடும். அவர் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள், யார் வீட்டுப் பிள்ளைக்குப் பல் முளைத்தது என்பது கட்டடத்துக்கே தெரிந்துவிடும். ரேடியோ அக்கா என்று பெயர் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது.

அக்கா முன்பு துணிக்கடையில் இருந்தவர். வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் நிறத்தை அவரே முடிவு செய்து, விரித்து, மடித்து, பில் போடும் இடத்துக்கு அனுப்பிவிடுவார். கூட்டம் மெல்ல அடுத்த கடைக்கு நகரவும், முதலாளியே அவரை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்துவிட்டாராம். பிள்ளைகளிடம் பேச ஆள் வேண்டும் என்றார்களே, இவரை விட்டால் வேறு யார்?

பயிற்சியில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று உண்டு. பேசத் தயங்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இதை எல்லா வீட்டிலும் அழகாகச் சொல்வார். சொன்ன கையோடு, "பந்து எங்கடா கண்ணு? கட்டிலுக்கு அடியிலயா? ஆமா! இதோ இருக்கு பாரு!" என்று கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

மூன்றாம் மாடிப் பையனுக்கு இரண்டரை வயது. காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டியதற்குக் கையை நீட்டுவான், அவ்வளவுதான். பேசாமலேயே இருந்துவிடுவானோ என்று அவன் அம்மா உருகிப்போயிருந்தாள். இந்தத் தடவையும் பேசாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று அக்கா போன முறையே சொல்லியிருந்தார்.

"வீட்ல அவன்கிட்ட நீ எப்படிப் பேசறேன்னு கொஞ்சம் காட்டும்மா," என்றார் அக்கா வந்ததும்.

அவள் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு மகன் பக்கம் திரும்பினாள். "பந்து எங்கடா கண்ணு? கட்டிலுக்கு அடியிலயா? ஆமா! இதோ இருக்கு பாரு!" பந்தையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். குரலின் ஏற்ற இறக்கம்கூட அச்சு அசலாக அக்காதான்.

"என்னம்மா இது? பத்து எண்ணச் சொன்னேனே!"

அவள் மிரண்டுபோனாள். "நீங்க எண்ணறதே இல்லையே அக்கா. அது சும்மா சொல்றதுக்குப் போலன்னு நெனச்சேன். நீங்க செய்யறதத்தான் அப்படியே செஞ்சேன். ஒரு நாள்கூட விடல."

அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளையைப் பேசவிடாமல் செய்தது தன் வாய்தானோ என்று தோன்றியதும் அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பந்தை வாங்கி மடியில் வைத்தார்.

"பந்து யாருக்கு?"

கேட்டுவிட்டு வாயை மூடினார். மூன்று எண்ணுவதற்குள் நாக்கு துறுதுறுத்தது. ஐந்தில் பையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டார். அம்மாக்காரி மூச்சுகூட விடவில்லை. வீட்டில் இப்படி ஒரு அமைதியைப் பையன் கண்டதில்லை. ரேடியோ பழுதாகிவிட்டதா என்பதுபோல் அக்காவின் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தான். கையை நீட்டினான். யாரும் கொடுக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினான். பத்தும் தாண்டிவிட்டது.

"எனக்கு."

"என் தங்கமே!" அம்மா பாய்ந்து அவனை வாரிக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது. "இன்னொரு தடவ சொல்லு! யாருக்கு? உனக்கா? உனக்குத்தானே..."

அக்கா எட்டி ஒரு கையால் அவள் வாயைப் பொத்தினார். தன்னை நம்ப முடியாமல் இன்னொரு கையால் தன் வாயையும் பொத்திக்கொண்டார். பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு," என்றான், இந்த முறை சத்தமாக.