டாக்டர் வண்டியில் காணாமல் போன வோல்ட்

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. முன்பாதி அண்ணனுடையது. வண்டிகளுக்கு வண்ணம் அடிப்பவர் என்பதால் ஊருக்கு அவர் பெயிண்டர். பின்பாதி தங்கையுடையது. ஸ்ப்ரே தூசு அந்தப் பக்கம் போகாமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் ஒரு மரமேசை, சாலிடரிங் கம்பி, வகைக்கொரு டப்பாவில் வயர் முனைகள், மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டர்.

அந்த மீட்டரை வைத்துத்தான் அவளுக்கும் பெயர். பக்கத்து டயர் கடைக்காரர் வைத்தது. "உடம்பு சுடுதுன்னு சொன்னாக்கூட மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் நம்பும் இந்தப் பொண்ணு" என்று அவர் ஒருநாள் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். ஆறு வருடம் அங்கே செம்புக் கம்பி சுற்றினாள். சுற்றும்போது உதடு மட்டும் அசையும், எண்ணிக்கொண்டிருப்பாள். நடுவில் யார் கூப்பிட்டாலும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாளே தவிர, திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒரு தடவை பட்டறை முதலாளிக்கே விரலைக் காட்டியிருக்கிறாள். அவள் சுற்றிய காயில் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று அந்த முதலாளியே பெயிண்டரிடம் சொன்னார். அதை அவர் பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கொட்டகைக்கு வருகிறவர்கள் பெயிண்டரைத் தேடித்தான் வந்தார்கள். வயரிங் கோளாறு என்றால் திரையைப் பார்த்துத் தயங்குவார்கள். "தங்கச்சிக்கு இதெல்லாம் பழக்கமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அண்ணன் முகத்தைப் பார்த்து, எல்லாம் சரியா என்று கண்ணாலே விசாரிப்பார்கள். அது பெயிண்டருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாட்டு டாக்டர் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டிக்கு இருபத்தாறு வயது. ஏழு மாதத்துக்கு முன்னால் பெயிண்டர்தான் அதை எலும்பு எலும்பாகப் பிரித்து, சட்டத்துக்குக் கறுப்பும் டேங்குக்குச் சிவப்பும் அடித்துக் கொடுத்தார்.

"பெயிண்டர், உங்க பெயிண்ட் மட்டும் அப்படியே கண்ணாடியா இருக்கு. வண்டிதான் கிளம்ப மாட்டேங்குது."

"என்ன ஆச்சு சார்?"

"பேட்டரி நிக்கல. ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. மெயின் ரோடு மெக்கானிக் ரெகுலேட்டர் போச்சுன்னு புதுசு போட்டார். பத்து நாள்ல மறுபடி அதே கதை. ஹாரன் அடிச்சா ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு. எனக்குப் பழகின சத்தம்தான், ரோட்டுல போறவங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது."

நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் காலியான பெயிண்ட் டிரம்மில் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்.

"எங்க ஆபீஸ்ல பதினோரு வண்டி நிக்குது. எல்லாம் இதோட வயசுதான். வயரிங் வேலைக்கு ஆள் தேடறாங்க. யாரைப் போடலாம்னு இன்னிக்குச் சாயங்காலம் ஆபீசர் என்னைத்தான் கேக்கப்போறார். தங்கச்சி இதைக் கண்டுபிடிச்சா அவங்களைச் சொல்றேன். இல்லேன்னா பெரிய ஒர்க்ஷாப்புக்குப் போயிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

பதினோரு வண்டி! அண்ணன் கொட்டகையின் ஒரு மூலை என்று இல்லாமல், அவளுக்கென்று தேடி வரும் முதல் வேலை. பெயிண்டர் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பினார். அதற்குள் தங்கை மீட்டரோடு வெளியே வந்துவிட்டாள். சீட்டைக் கழற்றினாள்.

வண்டிப் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, தான் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த நல்ல பேட்டரியை மாட்டினாள். மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது. இன்ஜினைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். பன்னிரண்டு புள்ளி ஒன்பதுக்கு ஏறி, அதற்குமேல் அசையமாட்டேன் என்று நின்றது.

"பதினாலைத் தாண்டணும். பேட்டரிக்குச் சாப்பாடே போகல சார். நீங்க எத்தனை பேட்டரி மாத்தினாலும் எல்லாம் பட்டினி கிடந்துதான் செத்திருக்கும்."

சத்தம் கேட்டு டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மீட்டரு, ஜோசியம் என்ன சொல்லுது?"

"உங்க வாய்க்குச் சீக்கிரம் ஃப்யூஸ் போயிடும்னு சொல்லுது மாமா."

இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்குகிற காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வெளியே வரும். அவற்றைப் பிரித்து இரண்டிரண்டாக அளந்தாள். மூன்று அளவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின. இன்ஜின் உடம்புக்கு மின்சாரம் கசியவும் இல்லை. காயில் மேல் தப்பில்லை. அடுத்து, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளந்து கொடுக்கிற ரெகுலேட்டர். தன்னிடம் இருந்த நல்லது ஒன்றை எடுத்து அதே இடத்தில் முடுக்கிப் பார்த்தாள். மறுபடியும் பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெயிண்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏம்மா, பேசாம பூரா வயரையும் மாத்திரலாமா?"

"எதுக்குண்ணா? எந்த வயரு திருடுச்சுன்னு தெரியாம எல்லாத்தையும் தூக்குல போடச் சொல்றியா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணனை முறுக்கைப் பிடிக்கச் சொல்லி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை ரெகுலேட்டரின் உடம்பிலும் வைத்தாள். ஒன்றுமே காட்டக்கூடாத இடம் அது. ஒன்று புள்ளி மூன்று காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே ஒன்று புள்ளி மூன்று.

"அண்ணா, ஆஃப் பண்ணு."

பன்னிரண்டு புள்ளி ஒன்பதோடு ஒன்று புள்ளி மூன்றைக் கூட்டினால் பதினாலு புள்ளி இரண்டு. ரெகுலேட்டர் ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. போன மின்சாரம் திரும்பி வர இந்த வண்டியில் தனி வயர் கிடையாது. இரும்புச் சட்டம் வழியாகத்தான் வரவேண்டும். அந்த வழியில்தான் எதுவோ மறிக்கிறது.

இரண்டு போல்ட்டையும் கழற்றி ரெகுலேட்டரைத் தூக்கினாள். அடியில், சற்றுமுன் மாற்றும்போது கண்ணில் பட்டும் உறைக்காத அந்தக் கறுப்பு, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று.

பெயிண்டருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஏழு மாதத்துக்கு முன்னால், சட்டத்தில் இரண்டு தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வண்ணமே இல்லாமல் வெறும் இரும்பாக இருந்தது. யாரோ சோம்பேறி விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் அவர் நினைத்தார். தேய்த்து, பிரைமர் கொடுத்து, இரண்டு பூச்சுக் கறுப்பு, அதற்கு மேல் வார்னிஷ். ரெகுலேட்டர் மறைக்கப் போகிற இடம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட அவருக்கு மனசு வரவில்லை. தங்கை அந்த வாரம் வெளியூரில் பம்பு மோட்டார் வேலைக்குப் போயிருந்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டியதும் அவரேதான்.

தங்கை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரு துண்டு வயரை எடுத்து ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்கு இழுத்துவிட்டு, வயர் லூசாக இருந்தது என்று சொல்லிவிட்டால் போதும். பத்து நிமிட வேலை. டாக்டருக்குத் தெரியவே தெரியாது. அப்படியே சொல்லிவிடட்டும் என்று பெயிண்டரின் மனசு கெஞ்சியது. பின்னால் அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார்.

"என்னம்மா, கிடைச்சுதா?"

"கிடைச்சிடுச்சு சார். பெயிண்டு."

"பெயிண்டா?"

"ஆமா சார். இது வெறும் இரும்பா இருக்க வேண்டிய இடம். போல்ட் மரை வழியா கொஞ்சம் கொஞ்சம் போயிட்டிருந்ததால இத்தனை நாள் தாக்குப் பிடிச்சுது. பேட்டரி, ரெகுலேட்டர் எல்லாம் பாவம், ஒரு குத்தமும் பண்ணல."

டாக்டர் மெதுவாகப் பெயிண்டர் பக்கம் திரும்பினார். "இங்கதானே அடிச்சோம்?"

"எங்க அண்ணன்தான் சார் அடிச்சாங்க. நானும் ஊர்லேர்ந்து வந்ததும் ஒரு தடவ மீட்டர் வெச்சுப் பாத்துட்டு வண்டியைக் குடுத்திருக்கணும். அது என் தப்பு."

"பெயிண்டரே, இரும்பு மூச்சு விடக்கூட எடம் வைக்கலையே!" என்றார் டயர் கடைக்காரர்.

பெயிண்டருக்குக் காது மடல் சுட்டது. ஆனால் அந்தச் சூட்டோடு சூடாக நெஞ்சுக்குள் வேறு ஏதோ எழும்பி நின்றது. பதினோரு வண்டி தராசில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கூடப்பிறந்தவன் வேலை என்று ஒரு முள் அளவுகூடச் சாய்க்கவில்லையே இவள்! இதுவரை வந்தவர்களிடமெல்லாம் அவளுக்காக உத்தரவாதம் சொன்னது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவருக்குத் தோன்றியது.

"தள்ளும்மா. நான் ஏத்தினதை நானே இறக்கறேன்."

முதலில் அந்த இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் டேப் ஒட்டினார், ஒரு மயிரிழைகூடக் கோணாமல். பிறகுதான் சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்தார்.

"அண்ணா, இது டேங்க் இல்ல. எப்படிச் சுரண்டினாலும் மின்சாரம் கோவிச்சுக்காது."

"நீ உன் வேலையைப் பாரு."

இரும்பு வெள்ளி மாதிரி வெளியே வந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அவள் அதில் லேசாக வாசலின் தடவினாள். பாதுகாப்புக்கு ஒரு தடித்த வயரையும் பேட்டரி மைனஸுக்குப் போட்டாள். டாக்டரின் ரெகுலேட்டரும் பேட்டரியும் அவற்றின் இடத்துக்கே திரும்பின. கிளப்பி முறுக்கியதும் மீட்டர் தயங்காமல் ஏறிப் பதினாலு புள்ளி இரண்டில் நின்றது. டாக்டர் ஹாரனை அமுக்கினார். டயர் கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டார்.

"சாயங்காலம் சொல்லிடறேன்மா. பதினோரு வண்டியும் இங்கதான் வரும்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டவர் பெயிண்டரைப் பார்த்தார். "ஒரே ஒரு நிபந்தனை. அதுல ஒண்ணுக்கும் நீங்க பெயிண்ட் அடிக்கக்கூடாது."

வண்டி தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற பெயிண்டருக்குத் திடீரென்று நினைவு வந்தது. இந்த வருடம் இதே மாதிரி இன்னும் நான்கு பழைய வண்டிகளுக்குச் சட்டம் முழுக்க அடித்துக் கொடுத்திருக்கிறார், ஒரு இடம் விடாமல். உடனே ஃபோனை எடுத்தார். முதலில் பால்காரர்.

"தம்பி, வண்டியை நாளைக்குக் கொண்டாங்க... இல்லல்ல, பெயிண்டு நல்லாத்தான் இருக்கு, அதான் பிரச்சனையே. தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது என் தங்கச்சி. எப்படின்னு கேளுங்க..."

"அண்ணா, சுருக்கமாச் சொல்லு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

பால்காரர் எப்போதோ சரி சொல்லிவிட்டார். பெயிண்டர் அப்போதுதான் மூன்று மஞ்சள் வயரில் இரண்டாவது வயருக்கு வந்திருந்தார்.